செல்லாமல் போன கோல்

பாய்,

இன்று காலை பாலக்கோட்டுச் சந்தைத் தெரு வழியாக நடந்து போனேன். பங்குனி பிறந்துவிட்டது இல்லையா, கொட்டை எடுத்த புதுப்புளியைச் சாக்கு விரித்துக் குவித்திருந்தார்கள். வெயில் ஏறும் முன்பே அந்த வாசனை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. புளிப்போடு வெல்லம் கலந்தது போல ஒரு வாசனை. தெருவைத் தாண்டிய பிறகும் சட்டையில் இருந்தது. ரேஷன் கடைக்குக் கிளம்பியவன், போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு தபால் கார்டு கூடப் போட்டதில்லை. போட்டிருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அப்போதும் போடவில்லை.

உங்களை முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மலேரியா ஒழிப்பு வேலையில் சேர்ந்து பாலக்கோட்டுக்குப் புதிதாக வந்திருந்தேன். சைக்கிளில் ஒரு பை. பைக்குள் கண்ணாடித் துண்டுகள், ஊசி, பஞ்சு. காய்ச்சல் என்று யார் சொன்னாலும் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடியில் தடவி, சோதனைக்கு அனுப்ப வேண்டும். என்னைக் கண்டதும் உங்கள் புளி மண்டியில் மூட்டை தூக்கும் ஆட்கள் பாதிப்பேர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். நீங்கள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினீர்கள்.

"காய்ச்சல் இருந்துதுங்களா?" என்றேன்.

"ரெண்டு நாளா இருக்குதுங்க. குத்துங்க."

குத்தினேன். முகம் சுளிக்கவில்லை. பேப்பரின் கடைசிப் பக்கத்தில், மூலையில், இரண்டே வரியில் வந்திருந்த ஒரு கால்பந்துச் செய்தியை எனக்குக் காட்டினீர்கள். "பாருங்க. மூணாவது டிவிஷன் டீமு. பேரே யாருக்கும் தெரியாது. போன வருஷம் கோப்பை வாங்கினவங்களையே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே பந்துப் பைத்தியம்தான். வாய் சும்மா இருக்கவில்லை. "பெரிய டீம் அசந்திருக்குமுங்க" என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே, "அப்ப சின்ன டீமு ஒண்ணுமே பண்ணலைங்கறீங்களா? உக்காருங்க" என்றீர்கள்.

அன்றைக்கு உட்கார்ந்ததுதான். நான்கு வருஷம் அந்தப் பேச்சு ஓயவில்லை.

சேலத்திலிருந்து பேப்பர் வருவது பதினோரு மணி பஸ்ஸில். கிராமங்களைச் சுற்றிவிட்டு மத்தியானம் நான் மண்டிக்கு வருவதற்குள் கடைசிப் பக்கத்தை நீங்கள் இரண்டு தடவை படித்திருப்பீர்கள். லீக் ஆட்டங்களில் உங்களுக்கு அவ்வளவு பிடிப்பில்லை. அதில் அந்தந்த டிவிஷன் அந்தந்த டிவிஷனோடு மட்டும் மோதும். கோப்பைக்கான நாக்-அவுட்தான் உங்களுக்கு உயிர். அதில் எல்லா டிவிஷனும் ஒரே கூடையில். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் வந்தாலும் ஆட வேண்டும். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்கத்தாவோ மெட்ராஸோ பம்பாயோ, எங்கோ ஒரு பேர் தெரியாத டீம் பெரிய டீமைத் தோற்கடித்திருந்தால், அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் கட்டி எழுப்பிவிடுவீர்கள்.

"மழை பெஞ்சிருக்கும். பெரிய டீமு ஆளுங்க ஷூ போட்டிருப்பாங்க, வழுக்கியிருக்கும். இவங்க வெறுங்கால். மண்ணைப் புடிச்சிட்டு நின்னிருப்பாங்க."

"மழை பெஞ்சதா எங்கங்க போட்டிருக்குது?"

"ஒண்ணுக்கு சைபர்னு போட்டிருக்குதே. காய்ஞ்ச கிரவுண்டுல இவங்க ஒண்ணு போட்டா அவங்க நாலு போட்டிருப்பாங்க."

பெரிய டீம் அசந்ததால்தான் சின்ன டீம் ஜெயித்தது என்பதே என் கட்சி. நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "பெரிய டீமுக்கு நாளைக்கும் மேட்ச் இருக்குது மலேரியா. இவங்களுக்கு இன்னிக்கு மட்டுந்தான். இன்னிக்கு மட்டும் இருக்கறவன் எப்படி ஆடுவான்னு உங்களுக்குத் தெரியாது" என்பீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மலேரியாதான். வந்து பார்த்ததற்கு அடையாளமாக வீட்டுச் சுவர்களில் நாங்கள் தேதி எழுதிவிட்டு வருவோமே, அதைக் கூட விடவில்லை. "தேதிக்குக் கீழ, ஜெயிச்ச டீமு பேரையும் எழுதிட்டு வாங்க, ஊர்ச் சனம் தெரிஞ்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மூட்டைக்கணக்கு எழுதப் போய்விடுவீர்கள்.

தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு முந்தைய வருஷம், அந்த இரண்டு வரி அதிசயம் நம் ஊருக்கே வந்தது.

நம் டீம் ஜில்லா லீக்கின் மூன்றாவது டிவிஷனில் கடைசியிலிருந்து இரண்டாவது. ஏரிக்குள் தண்ணீர் வற்றினால்தான் அவர்களுக்கு மைதானம். ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் கேப்டன். முன்னால் ஆடுகிறவன் மாதையன், உங்கள் மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவன். காலையிலிருந்து முதுகில் சாக்கு சுமந்தவன் சாயங்காலம் எப்படி அப்படி ஓடுகிறான் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அந்த வருஷக் கோப்பையில் நம் ஆட்கள் முதலில் ஒரு இரண்டாவது டிவிஷன் டீமைத் தோற்கடித்தார்கள். சரி, அதிர்ஷ்டம் என்று ஊர் சொன்னது. அடுத்ததாக முதல் டிவிஷன் டீம் ஒன்றை, அதுவும் அவர்கள் ஊருக்கே போய், ஒன்றுக்குச் சைபரில். பேப்பரில் இரண்டு வரி வந்தது. அந்தப் பேப்பரை என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னீர்கள்.

"இப்ப சொல்லுங்க மலேரியா. பெரிய டீமு அசந்துட்டாங்களா?"

"இல்லைங்க. மாதையன் ஓடினான்" என்றேன்.

நான்கு வருஷத்தில் நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். நீங்கள் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அரையிறுதி தர்மபுரியில். எதிரே சேலத்து மில் டீம். அவர்களைப் போன்ற டீம் ஜில்லாவிலேயே இல்லை. புளி வரத்து மும்முரமாக இருந்த சமயம். நீங்கள் மண்டியை அரை நாள் சாத்தினீர்கள். வரத்து நாளில் அந்த மண்டி சாத்தி யாரும் பார்த்ததில்லை. மூட்டை ஏற்றும் லாரியை வாடகை பேசி வரவழைத்தீர்கள். நாற்பது ஐம்பது பேர் அதில் நின்றுகொண்டு போனோம். லாரியின் தளமெல்லாம் புளி ஒட்டி, செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வழி நெடுக நீங்களும் நானும் மில் டீமை எப்படி மடக்குவது என்று பேசிக்கொண்டு போனோம். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மைதானத்தில் சேலத்திலிருந்து வந்த ரெஃப்ரி, பக்கக் கோட்டில் கொடி பிடிக்க இரண்டு டீமும் ஆளுக்கு ஒருவரைத் தரச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான். கேப்டன் யோசிக்கவே இல்லை.

"பாய், நீங்க புடிங்க. நம்மள்ல ரூல்ஸ் முழுசாத் தெரிஞ்சவரு நீங்கதான்."

"நான் மேட்ச் பாக்க வந்தவனுங்க. கொடி புடிச்சா கத்த முடியாதே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடியை வாங்கினீர்கள். நான் உங்கள் கோட்டை ஒட்டி, தரையில் உட்கார்ந்தேன்.

அந்த ஆட்டத்தை எத்தனையோ தடவை எனக்குள் ஆடிப் பார்த்துவிட்டேன். மில் டீமின் பந்து இரண்டு தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நம் கோல்கீப்பர் உதடு கிழிந்து, இரத்தத்தைத் துப்பிவிட்டுத் துப்பிவிட்டு ஆடினான். வெறுங்காலோடு ஆடிய நம் ஆட்கள் ஷூக்காரர்களிடம் மிதிபட்டு மிதிபட்டு எழுந்தார்கள். இடைவேளை தாண்டியும் சைபருக்குச் சைபர். முடிய நான்கைந்து நிமிஷம் இருக்கும்போது நடுவிலிருந்து கேப்டன் பந்தை முன்னால் நீட்டித் தள்ளினார்.

தள்ளிய அந்த நொடியில் மாதையன் எங்கே நின்றான் என்பதுதான் விஷயமே. பந்து தன்னை நோக்கி உதைபடும்போது எதிராளிகள் இரண்டு பேராவது தனக்கும் கோலுக்கும் நடுவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு. மாதையனுக்கு முன்னால் கோல்கீப்பர் ஒருவன்தான் இருந்தான். மில் டீமின் கடைசி ஆள் ஒரு முழம் பின்னால். ஒரே ஒரு முழம். ஆனால் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

மாதையன் அடித்தான். பந்து வலைக்குள் போனது. மைதானம் முழுக்க எழுந்து குதித்தது. நானும் குதித்தேன் பாய். பார்த்துவிட்டும் குதித்தேன்.

கூச்சல் ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. எல்லோரும் நம் பக்கம் பார்ப்பதைக் கண்டு நானும் திரும்பினேன். உங்கள் கை மேலே இருந்தது. உங்கள் முகம், கோலை வாங்கின கீப்பரின் முகம் போல இருந்தது. ரெஃப்ரி ஓடிவந்து ஏதோ கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவர் விசில் ஊதி, கோல் செல்லாது என்று கையை வீசினார்.

கூடுதல் நேரத்தில் மில் டீம் ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். நம் ஆட்களால் அதற்கு மேல் ஓட முடியவில்லை.

லாரியில் திரும்பினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் டிரைவர் கேபினுக்குப் பின்னால், மூலையில், கம்பியைப் பிடித்தபடி நின்றீர்கள். உங்களைச் சுற்றி இடம் இருந்தது. அந்த நெரிசலிலும் யாரும் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் யாரோ, "எவ்வளவு வாங்கினாரோ" என்றான். முணுமுணுப்பு பெருகியது. கேப்டன் கையைத் தூக்கி அதை அடக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மலேரியா சார், நீங்க லைனுக்கு நேரா உக்காந்திருந்தீங்க. பொதுவான மனுசன். நீங்க சொல்லுங்க. ஆஃப்சைடா, இல்லைங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் உண்மையைத்தான் சொல்வேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தீர்கள் என்று பிற்பாடு எனக்குப் பட்டது.

"எனக்குச் சரியாத் தெரியலைங்க. ஆளுங்க மறைச்சுட்டாங்க" என்றேன்.

அப்போது திரும்பிப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். காது சரியாகக் கேட்கவில்லை என்றால் ஒரு மனிதன் திரும்பிப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தீர்கள். பிறகு கேபினைத் தட்டி லாரியை நிறுத்தச் சொன்னீர்கள். ஊருக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. "நான் நடந்து வந்துக்கறனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினீர்கள். நீங்கள் வாடகை பேசிக் கொண்டுவந்த லாரி அது. உங்களை விட்டுவிட்டு நாங்கள் அதில் வீட்டுக்குப் போனோம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரன், பயந்துவிட்டேன் என்று. ஊசிக்காரன் என்று கதவைச் சாத்தும் ஊரில், அந்த லாரியில்தான் முதல் தடவையாக என்னை அவர்களில் ஒருவனாக நினைத்தார்கள், அதை இழக்க மனம் வரவில்லை என்று. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. எதுவும் போதவில்லை.

மறுநாளிலிருந்து மாதையன் உங்கள் மண்டிக்கு வரவில்லை. அவனோடு இன்னும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். மில்காரனிடம் கை நீட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. வேறு விதமாகவும் சிலர் பேசினார்கள். உங்கள் தொப்பியையும் தாடியையும் வைத்துப் பேசிய அந்தப் பேச்சை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பேச்சு நடந்த இடங்களிலெல்லாம் நான் இருந்தேன். எழுந்து போனதில்லை. புளி கொண்டுவரும் குடியானவர்கள் மெல்ல மெல்ல வண்டியை அடுத்த மண்டிக்கு ஓட்டினார்கள். நான் மண்டிக்கு வருவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். ஒரு நாள் சைக்கிளில் அந்தத் தெருவைக் கடந்தபோது நீங்கள் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு வருஷத்தில் மண்டியை மூடிவிட்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டீர்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பென்னாகரம் பக்கம் மாற்றினார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஒரு சின்னக் கடை. புளி, மிளகாய், மல்லி. கடைக்குள் நீங்கள். தாடி பாதி நரைத்திருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நான் நின்றபோது நீங்களே கூப்பிட்டீர்கள்.

"வாங்க மலேரியா. இன்னும் குத்திட்டுத்தான் இருக்கீங்களா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். டீ வந்தது. பிள்ளைகள், மழை, மிளகாய் விலை, என் வேலை, எல்லாம் பேசினோம். பந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. உங்கள் கடையில் பேப்பர் வாங்குவதில்லை. பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர்க் கட்டு ஒன்று இருந்தது. கட்டிலிருந்து தாளை உருவும்போது விளையாட்டுப் பக்கம் மேலாக வந்தால், பார்க்காமல் திருப்பி வைத்து மடித்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் டீ குடித்தேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வந்தேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். "பாய், அன்னிக்கு நான் பாத்தேனுங்க. ஆஃப்சைடுதான்."

நீங்கள் மல்லியைச் சலித்துக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை. "தெரியுமுங்களே. நீங்க பாத்தது எனக்குத் தெரியும்."

"நான் போயி எல்லார்கிட்டயும் சொல்லிடறேனுங்க. கேப்டன்கிட்ட, மாதையன்கிட்ட, எல்லார்கிட்டயும்."

"சொல்லணும்னு உங்களுக்குத் தோணினாச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாதீங்க."

சலித்த மல்லியைச் சாக்கில் கொட்டினீர்கள். பிறகு நீங்களே பேசினீர்கள்.

"கொடி தூக்கினதுக்கு வருத்தமில்லை மலேரியா. பாத்ததுக்கப்புறம் தூக்காம இருக்க முடியாது. ஆனா நாம அன்னிக்கு ஜெயிச்சிருக்கணும். அந்த வயசுல எனக்கு வேற ஆசையே இல்லை. இவன் ஒரு முழம் பின்னால நின்னிருக்கக் கூடாதான்னு இன்னிக்கும் தோணுது."

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தீர்கள். மல்லித் தூசி என்றீர்கள். அந்த லாரியில் இருந்தவர்களிலேயே அந்த வெற்றியை அதிகமாக விரும்பியவர் நீங்கள்தான். அதை ஒரு கையால் தடுத்துவிட்டு, அதற்குத் தண்டனையும் நீங்களே வாங்கினீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது.

புரிந்தும் நான் போய்ச் சொல்லவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்றிருந்தேன். மகள் கல்யாணம் வந்தது. திரும்பவும் பாலக்கோட்டுக்கே மாற்றல் வந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஐந்து வருஷம் ஓடியது.

ஐப்பசியில் ஒரு நாள் உங்கள் பெரிய மகனிடமிருந்து கார்டு வந்தது. அத்தாவுக்கு நெஞ்சுவலி, படுத்துவிட்டார், உங்களைக் கேட்கிறார் என்று. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. நிறையச் செருப்புகள். கடைசிவரை நினைவு இருந்ததாம். என்னைப் பார்த்து என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அங்கே மாதையனைப் பார்த்தேன். தலை நரைத்து, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் தோள் கொடுத்தான். ஒரு தெரு போனதும் எனக்கு இடம் விட்டான். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் அவனோடு நடந்தேன். இனியும் தாமதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"மாதையா, அன்னிக்கு அது ஆஃப்சைடு. நான் பாத்தேன்."

அவன் நடையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதுங்களா? பந்து காலுக்கு வர்றப்பவே தெரியுமுங்க. ஆஃப்சைடுல நிக்காம எனக்கு எப்படி அவ்வளவு எடம் கெடைக்கும்?"

"அப்ப ஏன் நீ சொல்லலை?"

"லாரியில உங்களைக் கேட்டாங்களே. நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். படிச்சவரு, வெளியூர்க்காரரு, நீங்க சொன்னா அடங்கிருவாங்க. நீங்க தெரியலைன்னுட்டீங்க. பாத்தவரே தெரியலைங்கறாரு, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டனுங்க."

அவன் தொடர்ந்து பேசினான். "எனக்கு மனசு கேக்கலை. அவரு இங்க வந்த ரெண்டாவது வருசமே தேடிட்டு வந்து கால்ல வுழுந்துட்டேன். ஒண்ணும் கேக்கலை. எழுப்பி உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. அதுலேர்ந்து வருசா வருசம் ரம்ஜானுக்கு வந்துருவனுங்க. உங்ககிட்டச் சொல்லலைங்களா?"

சொல்லவில்லை. நான் உங்கள் கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்கிறேன், மாதையனிடம் சொல்கிறேன் என்று பேசியபோது, மாதையன் எனக்கு முன்பே வந்துவிட்டுப் போனதை நீங்கள் சொல்லவில்லை. அவன் வந்தது அவனுடைய விஷயம், நான் வருவதானால் நானாக வர வேண்டும் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அல்லது என்னைக் குறுகவைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கேட்க இப்போது நீங்கள் இல்லை.

அடுத்த வாரம் கேப்டனைத் தேடிப் போனேன். ரிடையர் ஆகி, நல்லம்பள்ளி பக்கம் மகனோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். "பாய் போயிட்டாராங்க? நல்ல மனுசன்" என்றார். பிறகு, "அதெல்லாம் பழைய கதைங்க சார். இப்ப எதுக்கு?" என்றார். காபி கொடுத்து அனுப்பினார். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, அந்தப் பழைய கதையில் ஒரு மண்டி மூடியதையும் ஒரு குடும்பம் ஊர் மாறியதையும் நினைத்துக்கொண்டேன்.

அது பழைய கதையாகவும் ஆகவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இருவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ கோப்பை ஆட்டத்தில் ஒரு சின்ன டீம் பெரிய டீமைச் சாய்த்துவிட்டதாம். பெரிய டீம் அசந்துவிட்டது என்று ஒருவன். இல்லை, இவர்கள் ஆடினார்கள் என்று இன்னொருவன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய நம் இருவரையும் பார்ப்பது போல இருந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டாமவன் சொன்னான்.

"நம்மூர் டீமே ஒரு காலத்துல சேலத்து மில்லைத் தோக்கடிச்சிருக்க வேண்டியது. எங்க சித்தப்பா சொல்லுவாரு. கோல் போட்டுட்டாங்களாம். கொடி புடிச்ச பாய் ஒருத்தரு கெடுத்துட்டாராம்."

நான் எழுந்து அவர்கள் பெஞ்சுக்குப் போனேன். "தம்பி, அது ஆஃப்சைடு. நான் அந்தக் கொடிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒரு முழம் ஆஃப்சைடு. கோல் போட்டவனே ஒத்துக்கிட்டான். அந்தப் பாய் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை. அந்த மேட்ச்சுக்கு லாரி புடிச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போனதே அவருதான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரியில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு டீக்கடையில், அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்திருக்கக்கூடிய இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மரியாதையான பையன்கள். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். நான் முழுவதும் சொன்னேன். இரண்டாமவன் கவனமாகக் கேட்டுவிட்டு, என்னைக் குத்திக்காட்டுகிற எண்ணமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டான்.

"நீங்க பாத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க. ஏன் சொல்லலை?"

இப்போது யார் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலும் ஆஃப்சைடு என்று சொல்கிறேன், பாய். பேசாவிட்டாலும் நானே பேச்சை எடுத்துச் சொல்கிறேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லாதீங்க என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் கேட்டதற்கு அன்றைக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை பக்கம் எழுதிய பிறகும் தெரியவில்லை.